நாப்பது பாகம்

தூண்டில ஈயக்குண்டோட சேத்து ஆழத்துக்கு இறக்குற மிஷின் ஒண்ணு வாங்கணும்னு தூத்துக்குடி கடைக்குப் போனாரு போட்டுக்கார சம்மாட்டி கஸ்பார். போட்டுல சோறாக்குற லெயோனையும் கூடவே இழுத்துட்டுப் போனாரு.

"நீதாம்ல பாத்துப் பொறுக்கி எடுக்கணும். மீனு கெடக்குறது இருவது பாகத்துல. குண்டு அங்க எட்டலன்னா, நாளையில இருந்து போட்டுல ஏறாத."

பாகம்னா வேற ஒண்ணுமில்ல, ரெண்டு கையையும் விரிச்ச நீளம். எங்க கடல்ல ஆழத்துக்கு அதான் அளவு.

கடைக்காரரு கோயம்புத்தூர்ப் பக்கம். பளபளன்னு இருந்த ஒரு கரண்டு மிஷினத் தட்டி, "இது நாப்பது பாகங்க"ன்னாரு. கையால சுத்துற சின்ன மிஷினக் காட்டி, "இது ஒம்பதே பாகந்தாங்க"ன்னாரு.

லெயோன் சின்னதத் தொட்டான். சம்மாட்டி மொறச்சாரு.

"ஒம்பது பாகத்துல என்னத்தல பிடிப்ப, நெத்திலியா?"

லெயோனுக்கும் ஒண்ணும் வெளங்கல. சின்ன மிஷின்லதான் கம்பி நெறைய சுத்தியிருந்துச்சு.

"அண்ணாச்சி, இந்த நாப்பது பாகமும் யாரு கையால?"

"கையால முடியாதுங்க. ஸ்பேனர் வேணும்."

சம்மாட்டி ரெண்டு கையையும் விரிச்சாரு. ஸ்பேனர எந்தக் கையில பிடிக்கன்னு தெரியாம அப்படியே நின்னாரு.

லெயோன் ரெண்டு கம்பியையும் உருவி, கைய விரிச்சு அளந்தான். பெருசு பதினோரு பாகம். சிறுசு முப்பது.

"அப்ப நாப்பதுன்னது?"

"மோட்டாரு, நட்டு, வாஷரு எல்லாம் சேத்துங்க."

லெயோன் சம்மாட்டி பக்கம் திரும்புனான். "வாஷர் திங்கிற மீனு எங்க கெடக்குன்னு சொல்லுங்க சம்மாட்டி, பெருசையே தூக்கிருவோம்."

சம்மாட்டி சின்ன மிஷினத் தூக்கி அவன் தோள்ல வச்சாரு.

"வாய மூடிட்டு போட்டுல கொண்டுபோயி மாட்டுல."