வேதமுத்துவின் பக்கம்

வலைத்தளம் வடிவமைக்கும் நசீமாவுக்கு ஒரு சீடர் வாய்த்திருந்தார். பெயர் சகாயராஜ். தலை நரைத்திருந்தது சீடருக்குத்தான். அச்சகத்தில் பக்கம் கட்டியவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள், மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பேச ஒரு ஆளாவது கிடைக்குமே என்றுதான் இந்த வித்தையைக் கற்க வந்தார். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். மரியாதைக்குக் குறைவில்லை.

சுற்றுச்சூழல் செய்தியாளர்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு ஊர், தளத்தில் ஆளுக்கொரு பக்கம். அந்தத் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை சகாயராஜிடம் வந்தது.

“வேதமுத்து பக்கத்தை எடுத்துடலாமா டீச்சர்?”

“ஏன் சார்?”

“அவர் பக்கத்துல யாருமே இல்லை. தினமும் ஒரே ஒருத்தர் வந்துட்டுப் போறார். அதுவும் அவர் ஊர்லேர்ந்து. வேதமுத்துவேதான்.”

“அவர் எதுக்கு வர்றார்?”

“எழுதினது இருக்கான்னு பார்க்க வருவார். யாரும் படிக்காத பக்கம் எதுக்கு டீச்சர்?”

“நீங்க படிச்சீங்களா?”

“எழுத்து, படம், இடைவெளி எல்லாம் நான்தானே வச்சேன்.”

“படிச்சீங்களா சார்?”

சகாயராஜ் எழுத்தை அடுக்குவாரே தவிரப் படிக்கமாட்டார். அச்சகத்துப் பழக்கம். குழம்பின் ருசி அகப்பைக்குத் தெரியுமா என்பார்களே, அந்தக் கதைதான்.

நசீமா தன் நாற்காலியை அவரிடம் தள்ளிவிட்டு டீ போடப் போனாள்.

அவர் படித்தார்.

‘கழிமுகத்தில் இன்றும் தண்ணீர் மஞ்சளாகத்தான் இருந்தது. மடவை மீன்கள் செத்து ஒதுங்கியிருந்தன. வலை போடுகிறவர்கள் வேறு கரைக்குப் போய்விட்டார்கள். ஆலைக் கழிவைப் பற்றி எழுதியதிலிருந்து ஊரில் யாரும் என்னோடு பேசுவதில்லை. டீக்கடையில் நான் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொள்கிறார்கள். நாளையும் போய்ப் பார்த்து எழுதுவேன்.’

அதற்கு முந்தையதையும் படித்தார். அதற்கும் முந்தையதைப் படித்தார். வீட்டில் ஒற்றை டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் மனிதர், டீக்கடை வரிக்குத் திரும்பி வந்தார்.

நசீமா வந்தபோது அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அவர் பக்கத்துல யாருமே இல்லை டீச்சர்.”

நசீமா டீயை அவர் பக்கத்தில் வைத்தாள்.

“முதல்லயும் இதையேதானே சொன்னீங்க, சார்.”