மௌன நேரத்தில் கிரைண்டர்

உச்சி வெயிலில், ஊரே ஓய்ந்து கிடக்கிற நேரத்தில், இட்லிக்கு மாவு ஆட்டுகிறவர்களை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

மரகதம்மாளின் மடத்தில் ஆட்டுகிறார்கள். முன்பெல்லாம் அப்படி இல்லை.

மடம் மலையடிவாரத்தில் இருக்கிறது. கரண்டுக் கம்பி அதுவரை போகவில்லை. மரகதம்மாளுக்கு வயது நாற்பதுக்குள். சீடர்கள் ஒன்பது பேர். அதில் மூத்தவர் திருமேனி, அறுபத்திரண்டு வயது. ரைஸ்மில் நடத்தியவர். மில்லை மகனிடம் விட்டுவிட்டு, மனசு அடங்கினால் போதும் என்று வந்து சேர்ந்தவர்.

ஒருநாள் காலையில் குறையோடு வந்து நின்றார்.

“அம்மா, ஏழு மணிக்கே விளக்கு அணைஞ்சிருது. சூரியன் பத்தலை.”

மரகதம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சூரியனே பத்தலையா?”

“சோலார் பேனல் பத்தலைம்மா. இன்னும் எட்டு வேணும்.”

“இப்ப எத்தனை இருக்கு, முதலாளி?”

“பதினாறு.”

முதலில் நாலுதான் இருந்தது, ஓட்டுக் கூரை மேல். நாலு பல்பு எரிந்தது. கொஞ்சம் மிஞ்சியது. மிஞ்சுகிறதே என்று ஃபேன் வாங்கினார்கள். பத்தவில்லை. மாட்டுக் கொட்டகைக் கூரையில் இன்னும் நாலு ஏறியது. மிஞ்சியது. தண்ணீர் மோட்டார் வந்தது. பத்தவில்லை. கத்தரிப் பாத்தியை அழித்து அங்கே எட்டு நிறுத்தினார்கள். மிஞ்சியது. கிரைண்டர் வந்தது.

“இந்த எட்டை எங்க வைக்கிறது?”

“புங்கமரத்தை எடுத்துட்டா தெக்குப் பக்கம் நல்ல இடம். பேச்சிமுத்துகிட்ட சொல்லிட்டேன். நாளன்னிக்குக் காலையில ரம்பத்தோட வர்றான்.”

புங்கமரத்தடியில் இசக்கியம்மாள் இலை தைத்துக்கொண்டிருந்தாள். மடத்துப் பந்திக்கு இலை அவள்தான் கொடுக்கிறாள். மரக்கிளையில் தூளி. தூளியில் ஏழு மாதக் குழந்தை.

ஊசியை நிறுத்தினாள்.

“அப்ப தூளியை உங்க பேனல்ல கட்டிக்கவா, அய்யா?”

“ஏன் தாயி, வீட்டுல கட்டுறது?”

“வீடு தகரக் கூரை. புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. இங்க வந்தாத்தான் கண்ணை மூடுது.”

“ஊருல வேற மரமே இல்லையா?”

“இருந்துச்சு. அங்கயும் உங்களை மாதிரி ஒரு அய்யா இருந்தாரு.”

திருமேனிக்கு முகம் சுருங்கியது.

“அம்மா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

மரகதம்மாள் எழுந்தார். ஆய்ந்த கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரை மௌனம். மரகதம்மாளே வைத்த வழக்கம். எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்துவிட வேண்டும். சத்தம் கூடாது. அதனால் மோட்டார், கிரைண்டர் எல்லாம் நாலு மணிக்கு மேல்தான். மணி அடித்ததும் எல்லாம் ஒன்றாக, பேட்டரியில் சேர்ந்ததை வைத்து ஓடும்.

மறுநாள் பன்னிரண்டு மணி. ஒன்பது பேரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள்.

கடகடவென்று சத்தம்.

பதினெட்டுக் கண்ணும் திறந்துகொண்டன.

திருமேனி அடுக்களைக்கு ஓடினார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மரகதம்மாள் முழங்கை வரை மாவோடு உட்கார்ந்து உளுந்தைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.

“அம்மா! மௌன நேரம்!”

மரகதம்மாள் உதட்டில் விரலை வைத்தார். உதட்டில் மாவு ஒட்டிக்கொண்டது. பிறகு அந்த விரலாலேயே சுவரைக் காட்டினார்.

சுவரில் இன்வெர்ட்டர் பெட்டி. அதில் ஒரு சின்ன விளக்கு, பச்சையாக எரிந்தது.

திருமேனி அந்த விளக்கைப் பச்சையாகப் பார்த்ததே இல்லை. ஏழு மணிக்கு மடம் இருண்ட பிறகுதான் டார்ச்சோடு வந்து பார்ப்பார். அப்போது சிவப்பாக இருக்கும்.

“பச்சைன்னா... பேட்டரி ரொம்பிருச்சா?”

தலையசைப்பு.

“கிரைண்டர் ஓடியுமா?”

தலையசைப்பு.

“எத்தனை மணிக்கு ரொம்புது?”

பத்து விரல். பிறகு ஒரு விரல்.

“தினமுமா?”

மரகதம்மாள் உளுந்தைத் தள்ளிவிட்டார்.

திருமேனி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கத்தரிப் பாத்தி இருந்த இடத்தில் எட்டு பேனலும் கண்ணைக் கூசவைத்தன.

“அப்ப பதினொண்ணுல இருந்து நாலு வரைக்கும் அடிக்கிற வெயில் என்னம்மா ஆச்சு?”

மரகதம்மாள் முதுகை நிமிர்த்தி, சம்மணம் போட்டு, அவரைப் போலவே கண்ணை இறுக்க மூடிக் காட்டினார்.

வாசலில் எட்டிப் பார்த்த சீடர் ஒருவர் சிரித்துவிட்டார்.

திருமேனி சிரிக்கவில்லை. குனிந்து மாவைத் தொட்டுப் பார்த்தார்.

“இந்த வெக்கையில நாளைக் காலைக்குள்ள மாவு புளிச்சுப் போயிருமே. இட்லிக்கு என்ன செய்ய?”

மரகதம்மாள் வாயைத் திறந்தார். மௌனம்தான் ஏற்கனவே போய்விட்டதே.

“இன்னைக்குச் சாயங்காலமே தோசை. காலைக்குக் கஞ்சி. போய் மோட்டாரைப் போடுங்க, முதலாளி.”

“மௌனம்?”

“சாயங்காலத்துக்கு மாத்திக்கலாம். அதுக்குக் கரண்டு வேண்டாம்.”

மோட்டார் ஓடியது. தொட்டி நிறைந்தது. சாயங்காலம் தோசை நன்றாகவே வந்தது. ஒன்பது பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். ஏழு மணி ஆனது. எல்லோரும் பல்பைப் பார்த்தார்கள். பல்பு எரிந்தது. எட்டுக்கும் எரிந்தது. கடைசியில் திருமேனியே எழுந்து போய் அணைத்தார்.

காலையில் பேச்சிமுத்து ரம்பத்தோடு வந்தார். இசக்கியம்மாள் அவருக்கு முன்னாலேயே வந்து, மரத்தில் சாய்ந்து நின்றாள். தூளி இன்னும் கட்டப்படவில்லை. குழந்தை இடுப்பில் இருந்தது.

“மரத்தை விட்டுருப்பா,” என்றார் திருமேனி. “அது நிக்கட்டும்.”

“இத்தனை தூரம் வரவெச்சிட்டு?”

“கஞ்சி குடிச்சிட்டுப் போ.”

பேச்சிமுத்து முனகிக்கொண்டே ரம்பத்தைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தார். இசக்கியம்மாள் தூளித் துணியைக் கிளை மேல் வீசினாள்.

திருமேனி மரகதம்மாளிடம் வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“அம்மா, நான் விளக்கை அணைக்கும்போதும் பேட்டரியில பாதிக்கு மேல மிச்சம்!”

“நல்லது.”

“பாதி சும்மாதானே கெடக்கு? ஒரு யோசனை தோணுச்சு. ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிட்டோம்னா மாவும் புளிக்காது, காலைக்கு இட்லியும் ஆச்சு.”

தூளி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் கை நின்றது.

மரகதம்மாள் மரத்தடிப் பக்கம் திரும்பினார்.

“தம்பி பேச்சிமுத்து, ரம்பத்தை இங்கயே வெச்சிட்டுப் போங்க. முதலாளிக்கு மறுபடி மிஞ்சிருச்சு.”