கடல் கடந்த மூக்குச் செம்பு

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசின. அவை எல்லாவற்றுக்கும் மொழி ஒன்றுதான்; எந்த ஊர் மனிதர் பேச்சும் அவற்றுக்குப் புரியும். மனிதர்களுக்குத்தான் கடலுக்குக் கடல் மொழி மாறியது. அதனால் வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவர்கள், கப்பலை விட்டு இறங்கியதும் தங்கள் பேச்சை எடுத்துச் சொல்ல ஒரு நாயையோ காக்கையையோ தேடிப் பிடிப்பார்கள்.

அந்த நாளில் நாகையில் நீலாயி என்று ஒருத்தி இருந்தாள். கன்னார் தெருவில் பிறந்தவள். செம்பும் பித்தளையும் அவள் கைக்கு மாவு மாதிரி வளையும். அவள் கணவன் அம்பலவனுக்கும் அதே தொழில்தான். வடக்கே, பல கடல் தாண்டிய பனிநாட்டில் ஒரு பால்பண்ணைக்காரி பெரிய செப்புக் கொப்பரைகள் செய்ய ஆள் தேடுகிறாள், மூன்று வருட வேலை என்று கப்பல்காரர்கள் வந்து சொன்னார்கள். சுத்தியலையும் துருத்தியையும் கட்டிக்கொண்டு இருவரும் கப்பல் ஏறினார்கள்.

பண்ணைக்காரியின் பெயர் இங்கிரா. கணவனை இழந்தவள். எல்மா என்று ஒரே மகள். எல்மா அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் மீன்பிடிக்கப் போனால் ஆறு மாதத்துக்குத் திரும்ப மாட்டான். இவர்களைத் தவிர அந்த வீட்டில் ஒரு வெள்ளை வாத்து இருந்தது. பின்வாசலைக் காவல் காப்பது அதன் வேலை. வந்தவர்களின் பேச்சை இங்கிராவுக்கும் இங்கிராவின் பேச்சை வந்தவர்களுக்கும் மாற்றிச் சொன்னதும் அந்த வாத்துதான்.

முதல் நாள் காலையில் நீலாயி செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, கொல்லைப்புறம் எந்தப் பக்கம் என்று வாத்தைக் கேட்டாள். வாத்து அவளை வெளியே கூட்டிப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே, சமையலறையைத் தாண்டி, ஒரு கதவின் முன்னால் நிறுத்தியது. சோறு ஆக்கும் கூரைக்கு அடியிலேயே இதற்கும் ஓர் அறையா என்று நீலாயிக்கு உடம்பு கூசியது. எட்டிப் பார்த்தாள். மெழுகு தேய்த்த பலகைத் தரை. அதன்மேல் கம்பளி விரிப்பு. சன்னலுக்குத் திரைகூட இருந்தது. நடுவில் நாற்காலி மாதிரி ஒரு மரப்பீடம். அதில் வட்டமாக ஓர் ஓட்டை. கீழே ஆழமான குழி.

"இதில் எப்படி உட்காருவது?"

"நாற்காலியில் உட்காருகிற மாதிரிதான்," என்றது வாத்து.

"நான் நாற்காலியிலேயே உட்கார்ந்ததில்லை."

"பழகிக்கொள். செம்பை மட்டும் இங்கேயே வை. இந்த நிலைப்படியைத் தாண்டித் தண்ணீர் போகக் கூடாது. இது இந்த வீட்டுச் சட்டம்."

"தண்ணீர் இல்லாமல் எப்படி?"

வாத்து அலகால் ஒரு கூடையைக் காட்டியது. அதில் காய்ந்த பாசி நிரம்பியிருந்தது.

நீலாயி பாசியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "எண்ணெய்ச் சட்டியை இதால் துடைத்துவிட்டு அப்படியே அடுக்கி வைப்பார்களா இவர்கள்?"

வாத்து ஒரு சொல் விடாமல் அதை இங்கிராவிடம் போய்ச் சொன்னது. இங்கிராவுக்குக் கோபம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அப்படியானால் உங்கள் ஊரில் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டாள். வாத்து விளக்கியது. இங்கிராவின் முகம் வெளுத்தது.

"கையாலா?"

"தண்ணீர் விட்டு. இடது கையால்," என்றாள் நீலாயி.

இங்கிரா அவளுடைய இடது கையை வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு ரொட்டியை அவளே அறுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். நீலாயியைத் தொட விடவில்லை.

சனிக்கிழமை வந்தது. அடுப்படியில் ஒரு மரத்தொட்டியில் வெந்நீர் நிரப்பினார்கள். முதலில் இங்கிரா இறங்கிக் குளித்தாள். பிறகு அதே தண்ணீரில் எல்மா. அதன் பிறகு, உன் முறை என்று நீலாயியைக் கூப்பிட்டார்கள். அவள் வாளியில் தனியாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். வெந்நீரை இப்படி வீணாக்குகிறாளே என்று அவர்கள் வருந்தினார்கள். ஊறிய அழுக்கிலேயே ஊறுகிறார்களே என்று இவள் வருந்தினாள். இருவர் வருத்தத்தையும் வாத்து யாரிடமும் சொல்லவில்லை.

பண்ணைக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. இலையுதிர்காலம் முழுவதும் நீலாயி விடியும் முன்பே செம்போடு அந்தப் பக்கத்துப் புதர் மறைவுக்குப் போய் வந்தாள். பிறகு பனி கொட்டத் தொடங்கியது. குளம் கல்லாக இறுகிற்று. வெளியே கால் வைத்தால் விரல்கள் மரத்தன.

வேறு வழி தெரியாமல் ஒருநாள், வாத்து தீனிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, செம்பைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போனாள். குந்த இடமில்லாத பீடத்தில் ஒரு கையால் செம்பைச் சாய்த்தபோது பாதித் தண்ணீர் தரையில் போயிற்று. போர்வை முனையால் ஒற்றி எடுத்தாள். எடுத்த பிறகும் பலகை இடுக்கில் ஈரம் இருந்தது. அடுப்புச் சூடு எட்டாத அந்த அறையில் அரை நாழிகையில் அது பனிக்கட்டியாகிவிட்டது. அடுத்து உள்ளே போன இங்கிரா வழுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கிப் போயிற்று.

நீலாயி ஓடிப் போய்த் தூக்கினாள். இங்கிரா அவள் கையைத் தட்டிவிடவில்லை. சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு மெல்லப் பேசினாள். வாத்து தலையைத் தொங்கப் போட்டபடி மாற்றிச் சொன்னது.

"என் கணவர் இந்த அறையில்தான் விழுந்தார். கழுவிவிட்ட தரை காய்வதற்குள் உறைந்துவிட்டது. இடுப்பெலும்பு முறிந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்து இறந்தார். தரையைக் கழுவியது நான். அன்றைக்கு வைத்த சட்டம் இது. இன்னொரு முறை தண்ணீர் உள்ளே போனால், பனி உருகியதும் முதல் கப்பலில் நீங்கள் ஊருக்குப் போய்விடுங்கள்."

 அந்தச் சட்டத்துக்குள் ஒரு சாவு இருக்கும் என்று நீலாயி நினைத்ததே இல்லை.

"மூணு வருஷந்தானே நீலா, பல்லைக் கடிச்சுக்க," என்றான் அம்பலவன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாசிக்கும் பழகினாள். ஆனால் தினமும் காலையில் உடம்பு தன்னுடையது இல்லை என்பது போல இருந்தது அவளுக்கு.

குளிர் உச்சத்தில் இருந்தபோது எல்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெரிய குழந்தை. இரண்டு நாள் வலியெடுத்துப் பிறந்ததில் தாய்க்கு உடம்பு கிழிந்து புண்ணாகிவிட்டது. அந்தப் புண்ணில் காய்ந்த பாசி பட்டபோது எல்மா போட்ட சத்தம் கொட்டகை வரை கேட்டது. மறுநாளிலிருந்து அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. சாப்பிட்டால்தானே அந்த அறைக்குப் போக வேண்டும்? கஞ்சியைத் தள்ளினாள், பாலைத் தள்ளினாள், தண்ணீரைக்கூடத் தள்ளினாள். நான்காம் நாள் தாய்ப்பால் சுண்டியது. குழந்தை அழுது அழுது குரல் கம்மிப் போனது. இங்கிரா மகளிடம் கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் அடுப்பின் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

என்ன வேண்டும் என்று நீலாயிக்குத் தெரியும். பிள்ளை பெற்ற உடம்புக்கு அவள் ஊரில் யாருக்கும் அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், அவ்வளவுதான். ஆனால் வாயகன்ற செம்பில் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு விழும். நாம் நினைத்த இடத்தில் மட்டும் விழ வேண்டும். தரையில் ஒரு சொட்டுப் படக் கூடாது.

அன்று விடிந்ததும் அவள் பட்டறையில் நின்று யோசித்தாள். வாசலில் வாத்து கழுத்தை வளைத்து, நிமிர்த்தி, ஒடுங்கிய அலகால் தன் இறகை ஒவ்வொன்றாகக் கோதிக்கொண்டிருந்தது. நீலாயி அந்தக் கழுத்தையே பார்த்தாள். பிறகு கொப்பரைக்கு வெட்டியதில் மிஞ்சிய தகட்டை எடுத்தாள்.

"என்ன செய்யப் போற?" என்றான் அம்பலவன்.

சொன்னாள்.

"அந்தம்மா கப்பல் ஏத்திருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"கொப்பரை பாதியில நிக்குது."

"துருத்தியை ஊதுங்க," என்றாள் நீலாயி.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து ஊதினான். அவள் தகட்டைக் குழலாகச் சுருட்டினாள். வளைக்கும்போது நசுங்காமல் இருக்க உள்ளே மணலை இறுக்கி நிரப்பினாள். வாத்தின் கழுத்தைப் போலவே வளைத்து, நுனியை ஒடுக்கி, தன் செம்பின் வயிற்றில் துளையிட்டு ஈயத்தால் பற்றவைத்தாள். தண்ணீர் ஊற்றிச் சாய்த்தபோது நூல் பிடித்த மாதிரி ஒரே தாரையாக விழுந்தது. நிமிர்த்தியதும் நின்றது. நுனியில் ஒரு சொட்டுத் தொங்கியது. அதையும் விரலால் வழித்தாள். உச்சிவேளையில் வேலை முடிந்தது.

வெந்நீர் நிரப்பிய செம்பை ஒரு கையிலும், எல்மாவின் தோளை மறுகையிலும் தாங்கிக்கொண்டு அவள் அந்தக் கதவுக்கு முன்னால் வந்தாள். இம்முறை போர்வைக்குள் எதையும் மறைக்கவில்லை. வாத்து சிறகை விரித்துக் குறுக்கே நின்றது.

"நான் கத்துவேன் நீலாயி. அதுதான் என் வேலை."

"கத்து. வேண்டாமென்று நான் கேட்கவில்லை. கத்துவதற்கு முன்னால் இவளிடம் ஒரு வார்த்தை மட்டும் சொல்லிவிடு."

"என்ன சொல்ல?"

"இது எரியாது என்று சொல்."

வாத்து எல்மாவைப் பார்த்தது. அந்தப் பெண்ணின் உதடு வெடித்திருந்தது. வாத்து சொன்னது. எல்மா நீலாயியின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்து வழிவிட்டு நகர, இருவரும் நிலைப்படியைத் தாண்டிக் கதவைச் சாத்தினார்கள். வாத்து வீடே அதிரும்படி கத்தியது.

இங்கிரா நொண்டிக்கொண்டே ஓடி வந்தாள். கதவை ஓங்கி ஓங்கித் தட்டினாள். உள்ளே எல்மா அழும் சத்தம் கேட்டது. தண்ணீர் விழும் மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு அழுகை நின்று, பாரத்தை இறக்கி வைத்தவர்கள் விடுவது போல ஒரு நீண்ட மூச்சு. தட்டிக்கொண்டிருந்த இங்கிராவின் கை அப்படியே நின்றது.

கதவு திறந்தது.  இங்கிரா வீங்கிய முழங்காலை ஊன்றி மண்டியிட்டு, தரையை உள்ளங்கையால் தடவினாள். ஒரு பலகை, அடுத்த பலகை. பீடத்தைச் சுற்றித் தடவினாள். விரிப்பைத் தூக்கி அடியில் தடவினாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"அம்மா," என்றாள் எல்மா, "எனக்குப் பசிக்கிறது."

இங்கிரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாளா சிரித்தாளா என்று வாத்தாலும் மாற்றிச் சொல்ல முடியவில்லை. சற்றுப் பொறுத்துக் கையை நீட்டி அந்தச் செம்பை வாங்கினாள். புரட்டிப் பார்த்தாள், மூக்குக்குள் ஊதிப் பார்த்தாள்.

"இதற்கு மூடி வேண்டும். தூக்கிக்கொண்டு வரும்போது மேலே தளும்பும்," என்றாள்.

"போட்டுவிடுகிறேன்," என்றாள் நீலாயி. "கப்பல்?"

"கொப்பரையை யார் முடிப்பது? அதற்கு முன்னால் எனக்கும் இப்படி ஒன்று செய்."

அன்று மாலை எல்மா இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். மூன்றாம் நாள் பால் சுரந்தது. குழந்தை வயிறு நிரம்பக் குடித்துவிட்டு, ஊரையே ஜெயித்த மாதிரிக் கையை விரித்துத் தூங்கியது.

செய்தி எப்படிப் பரவியது என்று கேட்க வேண்டியதில்லை, வாத்து இருந்ததே. பனிச்சறுக்கு வண்டி கட்டிக்கொண்டு பக்கத்துப் பண்ணைப் பெண்கள் வந்தார்கள். இங்கிராவே அவர்களை அந்த அறைக்குக் கூட்டிப் போய், செம்பைச் சாய்த்துக் குழிக்குள் நீர்விட்டு, "தரையைத் தொட்டுப் பார், தொட்டுப் பார்," என்று பெருமையாகக் காட்டினாள். பாசிக் கூடையை அவள் எடுத்து எறியவில்லை. கழுவிய பிறகு ஈரம் போக ஒற்றிக்கொள்ள அது நல்லது என்றாள். நீலாயிக்கும் அது சரியென்றே பட்டது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவள் நாற்பது மூக்குச் செம்புகள் அடித்தாள். கொப்பரைகள் ஒரு மாதம் தாமதமாயின. யாரும் கோபிக்கவில்லை. ரொட்டி அறுக்கும் கத்தி அந்த வீட்டில் நீலாயியின் கைக்கு வந்திருந்தது.

மூன்று வருடம் கழித்து அவளும் அம்பலவனும் நாகைக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் அவளிடம் வந்து, எதை எடுத்துப் போவது என்று கேட்பார்கள். கம்பளியைப் பற்றியோ ஊறுகாயைப் பற்றியோ அவள் பேசியதில்லை. ஒரு மூக்குச் செம்பை எடுத்துக் கையில் கொடுப்பாள். "இதை முதலில் வை. துணியை அப்புறம் மடிக்கலாம். போகிற வீட்டின் தரையைக் காய்ந்தபடி வைத்திரு. மற்றதை அவர்களே வந்து கேட்பார்கள்," என்பாள்.

செம்பு பித்தளையாகி, பித்தளை பிளாஸ்டிக் குவளையாகி, இப்போது குழாயில் தொங்கும் பீச்சுக்குழலும் ஆகிவிட்டது. ஆனால் கடல் கடக்கும் நம்மவர் பெட்டியில் அது முதலில் இடம் பிடிப்பதும், எந்தக் குளிர்நாட்டு வீட்டின் அந்தச் சின்ன அறையிலும், காய்ந்த தரையின் மூலையில், தலை நிமிர்ந்து தண்ணீரோடு நிற்பதும் நீலாயி நிலைப்படியைத் தாண்டிய அன்று முதல்தான்.