குவித்து அளந்த மரக்கால்

கருவேலம்பாறை ஜமீனில் குத்தகை நெல்லை வாங்கும்போது மரக்காலைக் குவித்து அளப்பார்கள். கூலி நெல்லைக் கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்கள். ஏன் என்று கேட்டு யாரும் பிழைத்ததில்லை.

ஒருநாள் ஜமீன்தார், மண்வேலைக் கூட்டத்துக்குத் தலைவியான கெங்கம்மாளைக் களத்துக்கு வரவழைத்தார்.

"மழைக்கு முன்னே ஏரிக்கரையை இன்னும் ஓர் ஆள் உயரம் ஏத்தணும். ஆனா அடியை ஒரு சாண்கூட அகலமாக்கக் கூடாது. கரையோரம் என் மாந்தோப்பு இருக்கு. முடியாதுன்னா உன் கூட்டம் இன்னைக்கே ஊரைக் காலி பண்ணிடணும்."

கெங்கம்மாள் கரையைப் பார்த்தாள். கரைக்குக் கீழே, தோப்பைத் தாண்டி, ஊர்க் கூரைகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

"செய்றேன் எசமான். இன்னைக்குக் கூலியை மட்டும் உங்க குத்தகை மாதிரிக் குவிச்சு அளக்கச் சொல்லுங்க. ஒரு மரக்கால் போதும். ஆனா குவியல் ஓர் ஆள் உயரம் நிக்கணும்."

ஜமீன்தார் சிரித்துக்கொண்டே கை காட்டினார். அளப்பவன் கொட்டினான். நெல் கொஞ்சம் ஏறியது, சரிந்தது. மறுபடி கொட்டினான், மறுபடியும் சரிந்தது. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துப் பார்த்தான். களமெல்லாம் நெல்லானதே தவிர, குவியல் ஒரு சாணைத் தாண்டவில்லை.

"அடி அகலமில்லாம எப்படிடி நிக்கும்?" என்று கத்தினார் ஜமீன்தார். கத்திய பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

கெங்கம்மாள் சிரிக்கவில்லை. சிந்திய நெல்லுக்கு ஓடிவந்த கோழிகளைக் காட்டினாள்.

"நெல்லு சரிஞ்சா கோழி பொறுக்கும், எசமான். கரை சரிஞ்சா ஊரை யாரு பொறுக்குவா?"

மறுநாள் விடிந்ததும் மாந்தோப்பில் கோடரிச் சத்தம் கேட்டது.