வெட்டிய இடம்

ஒரே வாக்கியத்தை முப்பத்தொன்பது குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதை நான் ஒருமுறை கேட்டேன். பல வருடங்கள் ஆகிவிட்டன. திருநெல்வேலிப் பக்கம், நான் அப்போது வேலை பார்த்த ஓர் ஆசிரியர் பயிற்சி நிறுவனம். சாப்பாட்டுக்குப் பிந்திய ஆசிரியர் அறை. "ஆக்சிஜன் தீர்ந்தது. அந்த இடத்தை நிரப்ப நீர் ஏறியது." கணினிக்குள் ஒரு பெண் சொல்வாள். நிற்கும். அடுத்த பெண் அதையே சொல்வாள். சரியாக மூடாத குழாய் சொட்டுவதுபோல் இருந்தது.

கணினியில் அவற்றைப் போட்டு மதிப்பெண் இட்டுக்கொண்டிருந்தவர் வசுமதி. அறிவியல் ஆசிரியை. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக அந்த முறை மாணவிகளைக் காணொளி எடுத்து வரச் சொல்லியிருந்தார். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், டம்ளருக்குள் தண்ணீர் ஏறும். ஏன் என்று மூன்று நிமிடத்தில் சொல்லவேண்டும். பிற்பாடு வேலைக்குப் போகும் பள்ளிகளில் அவர்களும் இதைத்தான் செய்துகாட்டப் போகிறவர்கள்.

காணொளி எடுக்கவும், வேண்டாததை வெட்டவும் வசுமதிக்குக் கற்றுக்கொடுத்தவள் ஹபீபா. தமிழ் ஆசிரியை; வசுமதியைவிடப் பதினைந்து வயது சின்னவள். அன்றுமுதல் வசுமதி அவளைக் "குருவே" என்று அழைக்க ஆரம்பித்தார். கேலியாகத் தொடங்கியது, பழகிவிட்டது.

"குருவே, ஒரு சந்தேகம்."

"சிஷ்யை கேட்கலாம்." ஹபீபா விடைத்தாளிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இந்த இசக்கியம்மா இருக்காளே, மூணு நிமிஷம்னு சொன்னா நாற்பத்தொரு நிமிஷம் எடுத்துட்டு வந்திருக்கா. சினிமாவே எடுத்துட்டா. ரெண்டு நிமிஷம் பார்த்தேன். விளக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. பூஜ்யம் போட்டுட்டேன். போடலாமா?"

"போட்டுட்டுக் கேட்கிறீங்களே."

"மனசு ஒப்பலை. இதுல மார்க் இல்லேன்னா அவளைப் பரீட்சை எழுத விடமாட்டாங்க. ஏற்கெனவே ஒரு வருஷம் போச்சு. இன்னொண்ணும் போனா திரும்ப வரமாட்டா."

"எப்போ குடுக்கணும்?"

"நாலு மணிக்கு பிரின்சிபால் மேசையில இருக்கணும்."

மணி இரண்டேகால். ஹபீபா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"போடுங்க, பார்ப்போம்."

"முழுசாவா? எனக்குக் கண்ணு எரியுது, ஹபீபா. காலையிலேர்ந்து இதே மெழுகுவத்தி. கண்ணை மூடினாலும் உள்ள எரியுது."

"அப்ப மூடிக்கிட்டே கேளுங்க."

ஒரு சமையலறைத் தரை தெரிந்தது. கைபேசியை எதிலோ சாய்த்து வைத்திருந்தாள். படம் சரிந்து, தட்டுத் தண்ணீர் ஒரு பக்கமாகக் கொட்டிவிடும்போல் இருந்தது. இசக்கியம்மாள் டம்ளரைக் கவிழ்த்தாள். விளிம்பில் சில குமிழ்கள் வந்தன. சுடர் சுருங்கி அணைந்தது. அதன் பிறகுதான் தண்ணீர் விறுவிறுவென்று ஏறியது.

"தப்பாப் போச்சு," என்றாள் இசக்கியம்மாள். மறுபடி ஏற்றினாள்.

டம்ளரை மாற்றினாள். தட்டை மாற்றினாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். யாரோ உள்ளேயிருந்து, "தீப்பெட்டி எல்லாம் தீர்ந்துரும்டீ," என்று கத்தினார்கள். ஒன்பதாவது தடவை அவள் சொன்னாள்: "எரியும்போது ஏறவே மாட்டேங்குது. அணைஞ்ச பிறகுதான் ஏறுது."

வசுமதி கண்ணைத் திறந்தார்.

முப்பதாவது நிமிடம் அவள் டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை நிறுத்தினாள். தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறியது. "டம்ளர் அதே டம்ளர். உள்ள இருக்கிற ஆக்சிஜன் அதே ஆக்சிஜன். தண்ணி மட்டும் எப்படிக் கூட ஏறும்?" டம்ளரைத் துடைத்துவிட்டு மறுபடி கவிழ்த்தாள்.

கடைசியில் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள். "மிஸ், உங்க வீடியோல சரியா வருது. எனக்கு வரலை. மன்னிச்சிருங்க."

படம் நின்றது.

"இப்ப வேற பிள்ளையோடது ஒண்ணு போடுங்க," என்றாள் ஹபீபா.

வசுமதி போட்டார்.

"எரியுது. அடுத்து பார்த்தா தண்ணி ஏறி நிக்குது. நடுவுல என்ன ஆச்சு?"

"வெட்டியிருக்கா."

"இன்னொண்ணு."

"வெட்டியிருக்கா."

ஆறு காணொளிகள் பார்த்தார்கள்.

"அதெப்படிக்கா, பேசி வச்ச மாதிரி எல்லாரும் ஒரே இடத்துல வெட்டுவாங்க?"

"மாதிரிக்கு நான் ஒண்ணு எடுத்துக் காட்டினேனே. அதுல அப்படித்தான் இருக்கும்."

"நீங்க ஏன் அங்க வெட்டினீங்க?"

"ஆக்சிஜன் தீருது, தண்ணி ஏறுதுன்னு நான் பேசிட்டே இருக்கேன், தண்ணி பாட்டுக்கு அசையாமக் கிடக்கு. அணைஞ்சப்புறம்தான் ஏறுச்சு. பேச்சும் படமும் ஒட்டலை. அதான்..."

அவர் நிறுத்திக்கொண்டார். மேலே மின்விசிறி சுற்றியது. தாள்கள் படபடத்தன.

"சூட்டுல காத்து விரிஞ்சிருக்கு," என்றார் பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல். "குமிழாக் கொஞ்சம் வெளிய போயிருக்கு. அணைஞ்சதும் மிச்சக் காத்து ஆறிச் சுருங்குது, தண்ணி உள்ள வருது. கண்ணு முன்னால நடந்திருக்கு. பார்த்திருக்கேன். பார்த்துட்டுத்தான் வெட்டியிருக்கேன்."

ஹபீபா திரையில் இருந்த காணொளியை மூடினாள்.

"இருபத்தெட்டு வருஷமா இதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். எங்கிட்டப் படிச்சதுங்க எந்தெந்த ஊர்லயோ இப்ப இதைச் சொல்லிக்கிட்டிருக்கும்."

மதிப்பெண் பட்டியலை எடுத்தார். இசக்கியம்மாளுக்கு நேரே இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு, இருபத்தைந்துக்கு இருபத்தைந்து போட்டுக் கையெழுத்திட்டார். பேனாவை மூடவில்லை.

"மத்த முப்பத்தொன்பது பேருக்கு என்ன செய்ய, குருவே? நீங்க சொன்னது தப்பு, ஏன்னா நான் சொன்னது தப்புன்னு போய் நிக்கவா? ரெண்டே வருஷம்தான் இருக்கு. அலுத்துப் போச்சு. பேசாம இப்படியே போயிரலாம்னு இருக்கு."

ஹபீபா எழுந்து போனாள். ஆய்வகத்திலிருந்து ஒரு தட்டும் டம்ளரும் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தன் குடிதண்ணீரைத் தட்டில் ஊற்றினாள். திருத்தாத விடைத்தாள் கட்டின்மேல் கைபேசியைச் சாய்த்து, பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.

"ஏத்துங்கக்கா. இந்தத் தடவை எங்க வெட்டணும்னு நான் சொல்லித் தரமாட்டேன்."

வசுமதி தீப்பெட்டியை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு உரசினார்.

இசக்கியம்மாள் அந்த வருடம் தேர்வு எழுதித் தேறினாள். ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள்.