குறட்டை விடுகிறவர் கை தூக்கலாம்

முன்னொரு காலத்தில் முள்ளிநாட்டைச் செம்பியராயன் என்றொரு ராஜா ஆண்டான். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் திடீரென்று கேட்டான்: "என் குடிகளில் எத்தனை பேருக்கு ரத்தக் கொதிப்பு?"

அரண்மனை வைத்தியர் காளிங்கர் வாய் திறக்குமுன் பிரதானி புட்பநாதர் எழுந்துவிட்டார். வைத்தியரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"இதென்ன பெரிய வித்தை பிரபு? கேட்டால் அவனவனே சொல்லிவிடுகிறான்!"

ஊரூராய்த் தண்டோரா போட்டார்கள். கொதிப்பு உள்ளவன் கை தூக்கு! எந்த ஊரிலும் ஒரு கை எழவில்லை. நத்தக்குளத்தில் மட்டும் பாதி ஊர் தூக்கியது.

"பார்த்தீர்களா!" என்று குதித்தார் புட்பநாதர். "காளிங்கர் நாடி பார்க்கப் போன ஒரே ஊர் நத்தக்குளம். நோயும் அங்கே மட்டும்தான். பரப்பியது யார்?"

"அதானே!" என்றான் ராஜா. "காளிங்கரே, விடிவதற்குள் எல்லை தாண்டிவிடும்."

வைத்தியர் முகம் சுண்டிப்போனது. மந்திரி சாத்தப்பருக்கு மனசு கேட்கவில்லை. பாவம், மூட்டை கட்டிக்கொண்டு மனுஷன் எங்கே போவார்? இந்த ராஜாவிடம் நியாயம் எடுபடாது. வேடிக்கை எடுபடும்.

"பிரபு, ஒரு கேள்வி. சபையில் குறட்டை விடுகிறவர் கை தூக்கலாம்."

ஒருவரும் அசையவில்லை. புது மாப்பிள்ளை தளபதி வல்லயன் மட்டும் அசடு வழியக் கை தூக்கினான்.

"உனக்கெப்படித் தெரியும் தம்பி?"

"வீட்டுக்காரி சொன்னாள் ஐயா. தலையணையால் அடித்துச் சொன்னாள்."

"அப்படியானால் குறட்டையைக் கொண்டுவந்தவள் அவள்தான். பிரதானி நியாயப்படி அவளையும் நாடு கடத்துங்கள் பிரபு."

ராஜா சிரித்துவிட்டான். புட்பநாதர் முறைத்தார். "உளறல்! சத்தியமாக நான் குறட்டை விட்டதே கிடையாது!"

"இருக்கட்டும். முதலில் சாப்பிடுவோம்," என்றார் சாத்தப்பர்.

நெய் மிதக்கும் பொங்கல், வடை, பாயசம். ராஜா வாயில் மட்டும் தூக்கம் வராமலிருக்கச் சுக்கைத் திணித்துத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தார் சாத்தப்பர். சபை சாய்ந்தது. ஆரம்பித்தது பாருங்கள் கச்சேரி! புட்பநாதர்தான் பெரிய வித்துவான். மாடத்துப் புறாக்கள் பறந்தன. லாயத்துக் குதிரை பதிலுக்குக் கனைத்தது.

ராஜா பிரதானியை உலுக்கி எழுப்பினான். "ஓய்! என்ன குறட்டை?"

"யார், நானா? கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்தேன் பிரபு!"

"அவர் பொய் சொல்லவில்லை," என்றார் சாத்தப்பர். "அவருக்கே தெரியாது. கொதிப்பும் அப்படித்தான். வலிக்காது, கத்தாது. கையைப் பிடித்துப் பார்த்து ஒருத்தர் சொன்னால்தான் உண்டு. நத்தக்குளத்தில் வைத்தியர் சொன்னார். மற்ற ஊரில் யார் சொன்னது?"

காளிங்கர் புட்பநாதரின் நாடியைப் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார். "இன்றோடு ஊறுகாயை விட்டுவிடும்."

ராஜா முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். "வைத்தியரே, ஊரூராய்ப் போய் நாடி பாரும். பல்லக்கு உமக்கு. மருந்துப் பெட்டி பிரதானி தலைக்கு! நல்லவேளை, குறட்டை, கொதிப்பு, எனக்கு இரண்டும் கிடையாது. இல்லையா மந்திரி?"

சாத்தப்பர் விட்டத்தைப் பார்த்தார்.

பக்கத்து ஆசனத்து மகாராணியின் கை முந்தானைக்குப் போனது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ராத்திரி காதில் அடைக்கும் பஞ்சை எடுத்து, ராஜா மடியில் வைத்தாள்.

ராஜா பஞ்சைப் பார்த்தான். பிறகு வைத்தியரிடம் கையை நீட்டினான்.