பேராசிரியர் வீட்டு ரவுட்டர்

பாளையங்கோட்டைப் பேராசிரியர் நல்லபெருமாளுக்கு, வீட்டுக் கம்ப்யூட்டரை வெளியூரிலிருந்தே இயக்க ஆசை. இன்டர்நெட் கம்பெனி ஆட்கள் மூன்று பேர் வந்து ரவுட்டரில் அதற்கு வழி அமைத்தார்கள்; ஒவ்வொரு முறையும் அவர் போட்டுப் பார்த்தால் வரவில்லை. மூவரையும் கம்பெனிப் பாரத்தில் 'வேலை தெரியாதவர்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு வேலையே போனது. நான்காவதாக வந்தாள் ஜெபசெல்வி. அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான்.

"முப்பது வருஷம் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவன் நான். பத்து நிமிஷத்துல வரலேன்னா உன் பேரையும் எழுதிருவேன்."

ஜெபசெல்வி ரவுட்டரைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. "எங்க இருந்து சார் போட்டுப் பாத்தீங்க?"

"இதே சோபாவுலதான். இந்த லேப்டாப்புல."

"வீட்டு வைஃபைலயா?"

"பின்னே?"

"இது வெளிய இருந்து வாறவங்களுக்குப் போட்ட வழி சார். வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வீட்டுக்கு வரணும்னா உங்க ரவுட்டருக்குப் புரியாது" என்றவள், லேப்டாப்பைத் தன் போன் இன்டர்நெட்டில் இணைத்தாள். அறையிலிருந்த கம்ப்யூட்டரின் திரை உடனே லேப்டாப்பில் வந்து நின்றது.

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "அப்போ கோளாறு என்னன்னு பாரத்துல எழுதணும்லா?"

அவள் எழுதி நீட்டினாள்: 'ரவுட்டரில் கோளாறு இல்லை. சார் வீட்டில் இருந்தார்.'

இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.